டோம்பிவிலியிலிருந்து பதினேழு ஞாயிறுகள்

ஜூன் பிறந்துவிட்டால், வெள்ளி, சனி நள்ளிரவுகளில் மும்பைப் புறநகரான டோம்பிவிலியின் ஸ்டேஷனில் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். வேலை முடிந்து, தூக்கக் கலக்கத்தோடு கடைசி லோக்கலிலிருந்து இறங்குகிறவர்கள் ஒரு வகை. அதே வண்டியில் முதுகுப்பையோடு ஏறுகிறவர்கள் இன்னொரு வகை. ஏறுகிறவர்கள் கசாராவில் பின்னிரவு மூன்று மணி வாக்கில் இறங்குவார்கள். வெளியே நிற்கும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, விடிகிற நேரத்தில் பாரி கிராமத்தில் கால் வைத்தால் எதிரே கல்சுபாய். 1,646 மீட்டர், மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரம். அதில் ஏறி இறங்கி, அன்று இரவே வீடு திரும்பி, திங்கட்கிழமை காலை வழக்கமான ஃபாஸ்ட் லோக்கலைப் பிடிக்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

அவர்கள் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பருவத்தில் எத்தனை நாள் மலையில் இருக்க முடியும்?

குளிர் நாடுகளில் பனிச்சறுக்கில் பித்துக் கொண்டவர்கள் இதே கேள்வியோடுதான் வாழ்கிறார்கள். பனி விழுந்து உருகுவதற்குள் எத்தனை நாள் சறுக்கினோம் என்று எண்ணி வைப்பார்கள்; அதற்காகவே லீவைச் சேமிப்பார்கள். நமக்கு அந்தப் பனி வேண்டுமென்றால் குல்மார்க் போக வேண்டும். அங்கேயும் பனியை நம்ப முடியாத காலம் வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள், போதிய பனி இல்லாமல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போயின. டோம்பிவிலிக்காரருக்கு வாய்த்தது சஹ்யாத்ரி மலை; அதன் பருவம் மழை. பனிக்காரர்களின் கணக்கை நாம் மழையை வைத்துப் போட வேண்டியிருக்கிறது.

பதினேழில் எத்தனை மிஞ்சும்?

வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி மும்பையில் பருவமழை தொடங்கும் இயல்பான தேதி ஜூன் 11. விடைபெறும் தேதி அக்டோபர் 8. நடுவில் பதினேழு வாரம். அதாவது பதினேழு ஞாயிறு.

இந்தப் பதினேழும் முழுசாகக் கைக்கு வருமா? ஜூலை, ஆகஸ்டில் சில வாரங்கள் சிவப்பு எச்சரிக்கையிலேயே போய்விடும். அடுத்து நம் வீட்டுக் காலண்டர். ஆடி வெள்ளி, வரலட்சுமி விரதம், ஆவணி அவிட்டம், கோகுலாஷ்டமி, பிள்ளையார் சதுர்த்தி, புரட்டாசி சனிக்கிழமை, நவராத்திரி கொலு என்று தமிழ்க் குடும்பத்தின் முக்கியமான நாட்கள் பல இந்த நான்கு மாதத்துக்குள்தான் வரிசை கட்டி நிற்கின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஜூன் நடுவில் திறக்கிறது. கூடவே தேர்வுகளும் வந்துவிடும். ஆபீசில் காலாண்டு முடிவு. ஊரிலிருந்து விருந்தாளி. காய்ச்சல். எல்லாம் போக ஆறோ ஏழோ ஞாயிறு மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு களவு நடக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீடு கட்டுப்படியாகாமல் நகர்ந்து நகர்ந்து டோம்பிவிலிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து டோம்பிவிலி சுமார் 48 கிலோமீட்டர். போக வர, ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டரை மணி நேரம் லோக்கலில், பெரும்பாலும் நின்றுகொண்டே. வாரம் முழுவதும் அந்த நெரிசலில் நசுங்கிய உடம்பு ஞாயிற்றுக்கிழமை படுக்கையை விட்டு எழ மறுப்பதில் வியப்பில்லை. டோம்பிவிலியில் மலை நாட்களை விழுங்குவது மழையை விட இந்த அசதிதான் என்பது என் எண்ணம்.

கல்யாணில் பிரியும் இரண்டு தடம்

ஆனால் வாரம் முழுக்க நம்மை நசுக்கும் அதே ரயில்பாதைதான் ஞாயிற்றுக்கிழமை நமக்கு வரமாகிறது. டோம்பிவிலிக்கு அடுத்து தாக்குர்லி, அதற்கடுத்து கல்யாண். கல்யாணில் தடம் இரண்டாகப் பிரிகிறது. வடகிழக்கே கசாரா, தென்கிழக்கே கர்ஜத், கோபோலி. மும்பைக்குப் பக்கத்தில் மழைக்காலத்தில் ஏறக்கூடிய மலைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு தடங்களை ஒட்டியே இருக்கிறது. தாராவியிலோ மாட்டுங்காவிலோ இருப்பவர் கல்யாண் வந்து சேர்வதற்குள் நாம் நேரளில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு சாதகமும் உண்டு. தண்டவாளப் பராமரிப்புக்காக மத்திய ரயில்வே ஞாயிற்றுக்கிழமை போடும் மெகா பிளாக், மெயின் லைனில் பெரும்பாலும் மாட்டுங்காவுக்கும் முலுந்துக்கும் இடையில்தான் வரும். மலையிலிருந்து திரும்பும் மாட்டுங்கா நண்பர் அதில் மாட்டிக்கொண்டு தவிப்பார். கர்ஜத் பக்கமிருந்து வரும் டோம்பிவிலிக்காரர், வண்டி கொஞ்சம் தாமதித்தாலும், அந்தப் பகுதியைத் தொடாமலே வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். இருந்தாலும் சனிக்கிழமை இரவே பிளாக் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. சில வாரம் அது கல்யாண் பக்கமும் வந்துவிடும்.

செலவும் பெரிதில்லை. ஆபீஸ் பாஸ் டோம்பிவிலியோடு முடிந்துவிடும். அதற்கப்பால் தனி டிக்கெட். செகண்ட் கிளாஸில் கசாரா வரைக்கும் கூட ஒரு வழிக்கு முப்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஒரு மலை நாளுக்கு இவ்வளவு குறைவாகச் செலவு செய்கிற பெருநகரவாசிகள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அரை நாள் மலை

மலை நாட்களைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் விட வேண்டியது, ‘போனால் பெரிய கோட்டைக்குத்தான்’ என்ற பிடிவாதம். ஹரிச்சந்திரகட்டின் கொங்கண் கடா என்ற பிரம்மாண்டமான செங்குத்துப் பாறையைப் பார்க்காதவர் பார்க்கத்தான் வேண்டும். ரத்தன்கட், கல்சுபாய் எல்லாம் ஆசை தீராத இடங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முழு நாளையும், அதற்கு முந்தைய இரவுத் தூக்கத்தையும் கேட்கும். அவற்றை மட்டுமே மலை என்று வைத்துக்கொண்டால், பருவத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் அமையாது.

அரை நாள் மலைகள் அப்படியல்ல. டோம்பிவிலியிலிருந்து ஒரு மணிக்கும் குறைவான லோக்கல் பயணத்தில் நேரள். அங்கே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து மேற்கே நடந்தால், உயர் அழுத்த மின்கோபுரங்களை அடையாளமாக வைத்துக்கொண்டு பேப் கோட்டைக்கு ஏறலாம். விகட்கட் என்பதும் அதுதான். முதலில் வயல் ஓரம். நெல் நாற்று முழங்கால் உயரம் நிற்கும். பிறகு காடு. மழையில் பாதை ஓடையாகிவிடும். எந்தக் கல் அசையும், எது அசையாது என்று கால் கட்டைவிரலே சோதித்துச் சொல்லும். மேலே ஒரு நீண்ட பாறைச் சந்து. அதில் ஏறி மேட்டுக்கு வந்ததும் காற்று முகத்தில் அறையும். குகையையும் அதிலுள்ள மடத்தையும் தாண்டி மறுபக்கம் போனால் இரும்பு ஏணிகள். ஈர இரும்பின் குளிர் உள்ளங்கையில் ஏற, ஒவ்வொரு படியாக மிதித்துக் கடந்தால் கால் நேராக ரயில் தண்டவாளத்தில் போய் நிற்கும். 1907-ல் திறக்கப்பட்ட நேரள்–மாதேரான் குட்டி ரயிலின் குறுகிய தடம் அது. மழைக்காலத்தில் நேரளிலிருந்து மேலே வண்டி ஓடாது. தடத்தோடு நடந்து தஸ்தூரியை அடைந்தால் ஷேர் டாக்ஸி, மறுபடி நேரள். விடியற்காலை வண்டியைப் பிடித்திருந்தால், பிற்பகலுக்குள் வீட்டில் குளித்துவிட்டு ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். மாலையில் விருந்தாளி வந்தாலும் சமாளிக்கலாம்.

கசாரா தடத்தில் ஆசன்காவ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பது மாஹுலி. தாணே மாவட்டத்தின் உயரமான இடங்களில் ஒன்று. கர்ஜத் பக்கம் கோத்தலிகட். பேட் கிராமத்துக்கு மேலே நிற்கும் பாறைத் தூணுக்குள்ளேயே படிக்கட்டைக் குடைந்திருக்கிறார்கள். கர்ஜத்திலிருந்து கொண்டாணே பௌத்தக் குகைகளைப் பார்த்துவிட்டு ராஜ்மாச்சிக்கு ஏறலாம். இவை எதற்கும் ராத்திரி தூக்கம் கெட வேண்டாம். மாதம் ஒரு பெரிய மலை, மற்ற வாரங்களில் ஓர் அரை நாள் மலை என்று வைத்துக்கொண்டவர்களின் நாட்கள் சத்தமில்லாமல் இரட்டிப்பாகின்றன.

வங்கி வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. பெரிய கோட்டைகளைச் சனிக்கிழமையிலேயே முடித்துவிட்டால் ஞாயிறு உடம்புக்கும் குடும்பத்துக்கும் மிஞ்சும்; ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இருக்காது. ஆகஸ்ட் 15 போன்ற விடுமுறை நாட்களில் புகழ்பெற்ற கோட்டைகளுக்குப் போகாமல் இருப்பதே நல்லது. வழுக்கும் படிக்கட்டில் முன்னும் பின்னும் நகர முடியாத நெரிசல், மழையை விடப் பெரிய ஆபத்து.

பருவத்தை இரு பக்கமும் நீட்டலாம்

சஹ்யாத்ரிக்கு நான்கு மாதம்தான் பருவம் என்று நினைப்பவர்கள் பாதியை இழக்கிறார்கள். மே மாதக் கடைசியில், முதல் மழைக்கு முன்னே, ராஜ்மாச்சி, பண்டார்தரா, புருஷ்வாடி பக்கம் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக ஒளிரும். செப்டம்பரில் மழை தணியும்போது மலையெல்லாம் பூ. எட்டு வருடத்துக்கு ஒரு முறை மட்டும் பூக்கும் கார்வி, மும்பைப் பக்க மலைகளில் 2016-லும் 2024-லும் ஊதாவாக விரிந்தது. நம் ஊர் குறிஞ்சியின் உறவு அது. அடுத்தது 2032-ல் பூக்க வேண்டும். அக்டோபர் வெயில் தணிந்ததும் வருகிற டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் நீண்ட மலைத்தொடர் நடைக்கும் பாறையேற்றத்துக்கும் உகந்தவை. அலங்–மதன்–குலங் போல் கயிறு இல்லாமல் ஏற முடியாத கோட்டைகளை அனுபவசாலிகள் அந்த மாதங்களுக்குத்தான் ஒதுக்கி வைக்கிறார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ராய்கட், ராஜ்கட், ஷிவ்னேரி, லோகட், சால்ஹேர் உட்பட பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம் செஞ்சி. சிவாஜியின் மகன் ராஜாராம் மொகலாயர் முற்றுகையைத் தாங்கி ஆண்டது அங்கேதான். டோம்பிவிலித் தமிழர் பொங்கலுக்கு ஊர் போகும்போது செஞ்சியில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

மார்ச் பிறந்த பிறகு மட்டும் கவனம் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் உயிரிழந்ததை எந்தத் தமிழரும் மறந்திருக்க முடியாது. சஹ்யாத்ரியிலும் கோடையில் புல் காய்ந்து பொரிந்து நிற்கிறது. நிழலும் தண்ணீரும் இல்லாத அந்த மாதங்களில் நாளைக் கூட்ட வேண்டும் என்ற ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

கறுப்புப் பாறை

மழைக்குத் திரும்புவோம்; ஏனென்றால் உயிர்கள் அதிகம் போவது அதில்தான். சஹ்யாத்ரியின் உடம்பு எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறை. சரிவு செங்குத்து, மேலே மண் மெல்லிசு. பெய்த மழையை ஊற விடாமல் அப்படியே கீழே தள்ளும். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதபோது, மேலே பீடபூமியில் கொட்டிய மழை சில நிமிடங்களில் ஓடையை ஆறாக்கிவிடும். கணுக்கால் ஆழத்தில் கடந்து போன ஓடையைத் திரும்பும்போது இடுப்பளவில் பார்ப்பது இங்கே சாதாரணம். 2024 ஜூன் 30 அன்று லோனாவளாவில் பூஷி அணைக்கு அருகே, திடீரென்று பெருகிய அருவி நீரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள்.

மலையே சரிந்ததும் உண்டு. 2023 ஜூலை 19 இரவு, ராய்கட் மாவட்டத்தில் இர்ஷால்கட் கோட்டைக்கு ஏறும் வழியில் இருந்த இர்ஷால்வாடி என்ற ஆதிவாசிக் குடியிருப்பின் மேல் மலைச்சரிவு விழுந்தது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. 57 பேர் காணாமல் போனவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். மலையேறுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர் அது.

ரயிலும் தப்பாது. 2019 ஜூலை 27-ல் உல்ஹாஸ் ஆறு பெருகி, பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தின் நடுவே நின்றுபோனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகிலும் நீரில் நடத்தியும் மீட்டார்கள். நாம் நேரளுக்குப் போகும் அதே தடம்தான்.

எனவே எச்சரிக்கையின் நிறங்களைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. சிவப்பு என்றால் வீடு. ஆரஞ்சு என்றால் ஓடையும் அருவியும் குறுக்கிடாத பாதை இருந்தால் மட்டும், அதுவும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டு. மஞ்சள் நாளிலும் அருவிக்குள் இறங்க வேண்டாம். மழைக்காலத்தில் தாணே, ராய்கட், புணே மாவட்ட நிர்வாகங்கள் சில அருவிகளுக்கும் கோட்டைகளுக்கும் தடை உத்தரவு போடும். நம் ஞாயிற்றுக்கிழமையைப் பறிக்க வந்ததாக அதை எண்ணக் கூடாது. போன வருடம் அந்த இடத்தில் யாரோ வீட்டுப் பிள்ளை போயிருக்கும்.

வியாழக்கிழமை எடுக்கும் முடிவு

நாட்களைச் சேர்க்கத் தெரிந்தவர்கள் வியாழக்கிழமை இரவிலேயே இரண்டு திட்டம் வைத்துவிடுவார்கள். மழை அளவோடு இருந்தால் ஓர் இடம். மிஞ்சினால் வேறிடம், அல்லது வீடு. சனிக்கிழமை மாலை கடைசி முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு. ‘எல்லாரும் சேர்ந்தாச்சு, இனிமே எப்படி கேன்சல் பண்றது?’ என்ற சங்கடத்தில் கிளம்பிய பயணங்கள்தான் பெரும்பாலும் தப்பாக முடிகின்றன. நான்கைந்து பேர் கொண்ட சின்னக் குழு என்றால் திட்டத்தை மாற்றுவது எளிது. பஸ் பிடித்து ஐம்பது பேரை அழைத்துப் போகும் ஏற்பாட்டில் கட்டின பணம் கழுத்தைப் பிடிக்கும்.

உடம்பையும் பருவத்துக்கு முன்பே தயார் செய்ய வேண்டும். அதற்கு ஜிம் தேவையில்லை. ஏப்ரலிலிருந்தே எஸ்கலேட்டரை விட்டுப் பாலத்துப் படிகளில் ஏறுவது, வீட்டில் லிஃப்ட்டை மறப்பது இரண்டும் போதும். இறக்கத்தில் தேயும் முழங்காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஷூவில் விலையைப் பார்க்காமல் அடிப்பகுதியின் பிடிப்பைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய மாற்று உடை, விசில், டார்ச், காயத்துக்கு மருந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் இருக்கட்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்று நீரில் இறங்காதீர்கள். லெப்டோஸ்பைரோசிஸ் மும்பை மழையின் நிரந்தர நோய். இறங்கிய பின் காய்ச்சல் வந்தால் எங்கே போய் வந்தோம் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அடிவாரத்து ஊர்களை மறக்கக் கூடாது. கட்டிக் கொண்டுபோன புளியோதரையை உச்சியில் சாப்பிடுங்கள். இறங்கியதும் பேட்டிலோ பாரியிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அடுப்பிலிருந்து நேராக வரும் பாக்ரியையும் பிட்லாவையும் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுங்கள். இந்த நான்கு மாத வருமானத்தை நம்பித்தான் அந்த வீடுகளில் பல இருக்கின்றன. ‘இன்னிக்கு மேலே போகாதீங்க’ என்று அவர்கள் சொன்னால் அதற்கு மேல் முன்னறிவிப்பு கிடையாது.

இத்தனை யோசனைக்குப் பிறகு என் தீர்மானம் இது. மோசமான நாளை வலிந்து பிடுங்கிக்கொள்வதால் மலை நாட்கள் கூடுவதில்லை. சின்ன மலையை மதிப்பதாலும், பருவத்தின் இரு ஓரங்களையும் பயன்படுத்துவதாலும்தான் அவை கூடும். பாதியில் திரும்பியதை யாரும் தோல்வி என்று எண்ண வேண்டாம். திரும்பி வந்தவருக்கு அடுத்த ஞாயிறு இருக்கிறது. அடுத்த பருவம் இருக்கிறது. 2032-ல் கார்வி பூக்கும்போது போய்ப் பார்க்கக் கால்களும் இருக்கும்.

டோம்பிவிலியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு முன்னறிவிப்பு மஞ்சளோ பச்சையோ என்றால், பக்கத்து வீட்டுப் பையனையோ பெண்ணையோ கூட அழைத்துக்கொண்டு விடியற்காலைக் கர்ஜத் லோக்கலில் ஏறுங்கள். ஜன்னலோர இடம் கிடைக்கும்.